‘பழகிடும் சார்’: வைடெக்ஸ் மொமென்ட் காது மெஷினும் எங்கள் வீட்டு வீணையும்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். வைடெக்ஸ் மொமென்ட் 440 என்ற காது மெஷினை இரண்டு காதிலும் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பிடித்திருக்கிறது, சத்தம் இயற்கையாக இருக்கிறது. ஆனால் அந்த இயற்கைக்குப் பாதிக் காரணம்தான் மெஷின். மீதி, காதுக்குள் போகும் சின்ன ரப்பர் டோம், அதைப் பொருத்திக்கொடுத்த ஆடியாலஜிஸ்ட் பெண்ணின் பொறுமை, அப்புறம் என் காது கெட்டிருக்கும் விதம். வேறு விதமாகக் கெட்ட காதுக்கு இதே மெஷின் பத்தோடு பதினொன்றுதான். கம்பெனிக்காரர் யாரும் எனக்குச் சலுகை எதுவும் தரவில்லை, கைக்காசு போட்டு வாங்கியது.

என் காது எப்படி என்று சொன்னால்தான் மற்றது புரியும். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், தஞ்சாவூர். ஆடியோகிராமில், அதாவது காதுச் சோதனை வரைபடத்தில், 250, 500 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு கிட்டத்தட்ட நார்மல். 1000-ஐத் தாண்டியதும் சரிய ஆரம்பித்து 2000-ல் 45 டெசிபல், 4000-ல் 60 என்று இறங்கிக்கொண்டே போகிறது (எண் கூடக் கூடக் காது மோசம்). வயதானவர்களில் ரொம்பப் பேருக்கு இந்தச் சரிவுதான். இதில் ஒரு வினோதம், சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. உயிரெழுத்துகளின் பலம் கீழ் அலைவரிசையில் இருப்பதால் அதெல்லாம் கணீரென்று வந்து விழும், க, ச, த, ப மாதிரி மெய்களின் நுனி மட்டும் உதிர்ந்துபோகும். ‘காசு’ என்றார்களா ‘காது’ என்றார்களா என்று உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யாராவது “காது கேக்கலையா?” என்று கேட்டால் கோபம் வரும், ஏனென்றால் கேட்கிறதே! இந்தக் காலத்து ஆட்களுக்கு வாயைத் திறந்து பேசச் சோம்பல் என்றுதான் தோன்றும்.

அப்புறம் வீடு. என் மனைவி வீணை சொல்லிக்கொடுக்கிறாள். சாயந்திரம் ஆனால் கூடத்தில் சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் சரளி வரிசையில் தொடங்கி வர்ணம் வரை ஆளுக்கொரு கட்டத்தில் இருப்பார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு, எந்தத் தந்தி இறங்கியிருக்கிறது என்று கொல்லைப்புறத்திலிருந்தே சொல்வேன். சொல்வேன் என்ன, சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் மெஷின் வாங்கப் போனபோது பேச்சு புரிந்தால் போதும் என்ற கணக்கு எனக்குச் சரிவரவில்லை.

இதற்கு முன்னால் வைத்திருந்தது வேறொரு கம்பெனியுடையது, பெயர் வேண்டாம், மலிவானதும் இல்லை. போட்ட அன்றைக்கே பேச்சு தெளிவானது உண்மை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எல்லாவற்றிலும் ஒரு தகரச் சத்தம். பேப்பரைப் புரட்டினால் தகரம், குழாயைத் திறந்தால் தகரம், என் குரலே யாரோ மைக்கில் பேசுவதாக வந்தது. வீணை விஷயம் அதைவிட மோசம். அவள் பஞ்சமத்தை மீட்டி அப்படியே விடுகிறாள், கமகம், அதாவது ஸ்வரத்தை அசைப்பது, எதுவும் கிடையாது, நாதம் தானாக அடங்க வேண்டும். எனக்கு மட்டும் அந்த ஸ்வரம் நடுங்கிக்கொண்டே அடங்கியது. கம்பிதம் என்ற நடுக்கக் கமகம் என்று சொல்லலாம், ஆனால் கம்பிதத்துக்குரிய ஒழுங்கு இல்லை. அவள் வைக்காத கமகத்தை மெஷின் வைத்தது! சுருதிப் பெட்டி இன்னும் வேடிக்கை. சுவிட்சைப் போட்டதும் நன்றாகக் கேட்கும், சில விநாடிகளில் மெல்ல மெல்ல உள்ளே போய்விடும், யாராவது தந்தியைத் தொட்டால் திரும்ப எட்டிப் பார்க்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று நான் எழுந்து போய்த் தட்ட, “என்னங்க, அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, நீங்க போய் உக்காருங்க” என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னாள்.

வாங்கிய இடத்தில் போய் இதையெல்லாம் சொன்னால் ஒரே பதில், “பழகிடும் சார்.” தகரச் சத்தமா, பழகிடும். வீணை நடுங்குகிறதா, பழகிடும். கதவை மூடினால் தலை அதிர்கிறதா, பழகிடும். அந்தப் பையன் கெட்டவன் இல்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் நான் பிற்பாடு விசாரித்துப் படித்துத் தெரிந்துகொண்டது, இதில் சில பழகும், சில பழகாது, பழகாததைச் சரிசெய்யத்தான் வேண்டும்.

பழகுவது எது? சத்தத்தின் அளவு பழகும். பல வருஷமாகக் கேட்காமல் இருந்த மேல் அலைவரிசை திடீரென்று திரும்பி வரும்போது மூளைக்கு அது அதிகமாகத்தான் படும். தட்டு வைக்கும் சத்தம், கடுகு வெடிப்பது, பிளாஸ்டிக் பை, சட்டைக் காலர் உரசுவது எல்லாம் முதலில் எரிச்சல், சில வாரங்களில் தானாகப் பின்னால் போய்விடும். இதற்காகவே நல்ல ஆடியாலஜிஸ்டுகள் முதலில் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டு அப்புறம் படிப்படியாக ஏற்றுவார்கள். இதைப் பொறுத்துக்கொள்ளாமல் மெஷினைக் கழற்றி டிராயரில் போடுகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

பழகாதது, என் அனுபவத்தில், மூன்று: தகரச் சத்தம், நடுக்கம், காணாமல் போகும் சுருதி. மூன்றுக்கும் மூன்று தனிக் காரணம்.

தகரத்துக்குக் காரணம் தாமதம். டிஜிட்டல் மெஷின் ஒலியை வாங்கி, எண்ணாக மாற்றி, பல அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வேண்டிய அளவு கூட்டி, திரும்பச் சேர்த்து அனுப்புகிறது. இந்தப் பிரிப்புக்கு நேரம் பிடிக்கும், வழக்கமான மெஷின்களில் 5 முதல் 8 மில்லிசெகண்டு. இதெல்லாம் ஒரு நேரமா என்று கேட்கலாம். 6 மில்லிசெகண்டில் ஒலி காற்றில் இரண்டு மீட்டர் போய்விடும். காதை முழுசாக அடைத்திருந்தால் இந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது, வருவது ஒரே ஒலிதானே. ஆனால் என் மாதிரிக் காதுக்குக் கீழ் அலைவரிசை நன்றாகவே கேட்பதால் ஓட்டை உள்ள டோம்தான் போடுவார்கள். அப்போது ஓட்டை வழியாக நேராக வரும் ஒலி ஒன்று, மெஷினுக்குள் போய்ச் சுற்றிப் பின்னால் வரும் அதே ஒலி இன்னொன்று. இரண்டும் செவிப்பறைக்கு முன்னால் கலக்கும்போது சில அலைவரிசைகள் கூடிக்கொள்ளும், சில ஒன்றையொன்று தின்றுவிடும். 6 மில்லிசெகண்டு தாமதம் என்றால் சுமார் 167 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் வீதம் விழும். ஆடியாலஜிஸ்டுகள் இதை கோம்ப் ஃபில்டர் என்கிறார்கள். என் தகரம் இதுதான். 3 முதல் 5 மில்லிசெகண்டு வந்துவிட்டாலே கவனித்துக் கேட்கிறவர்களுக்குத் தெரியும், 10-ஐத் தாண்டினால் யாருக்கும் எரிச்சல்தான்.

இடையில் ஒன்று. பழைய அனலாக் மெஷின் போட்டிருந்த பெரியவர்கள் சிலர் “அந்தக் காலத்து மெஷின்ல சத்தம் நல்லா இருந்துச்சு” என்று சொல்வதைக் கேட்டு நாம் சிரிப்போம். சிரிக்க வேண்டாம், அதில் விஷயம் இருக்கிறது. அனலாக்கில் இந்தத் தாமதம் கிட்டத்தட்ட கிடையாது. 1996-ல் வைடெக்ஸின் சென்ஸோ, ஓட்டிகானின் டிஜிஃபோகஸ் என்று முழு டிஜிட்டல் மெஷின்கள் வந்தபோது நிறைய லாபம் கிடைத்தது, கூடவே தாமதமும் வந்து சேர்ந்தது. இரண்டுமே டென்மார்க் கம்பெனிகள் என்பது உபரித் தகவல்.

நடுக்கத்துக்குக் காரணம் வேறு. மெஷினிலிருந்து கசியும் சத்தம் அதன் மைக்குக்கே திரும்பப் போனால் ‘கீ...’ என்று விசிலடிக்கும், பழைய மெஷின் போட்ட தாத்தாக்களைக் கட்டிப்பிடித்த பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த சத்தம். இப்போதைய மெஷின்கள் இந்த விசிலைக் கண்டுபிடித்து எதிர் அலை போட்டு அடக்குகின்றன. ஆனால் விசில் என்பது என்ன? நீண்டு நிற்கும் ஒரே ஸ்வரம். புல்லாங்குழலும் அதுதான், வீணையில் நிற்கும் பஞ்சமமும் அதுதான். மெஷின் ஸ்வரத்தை விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கிறது, அங்கே ஒரு கலங்கல். சில மெஷின்கள் விசிலைத் தவிர்க்க வெளியே விடும் ஒலியின் அலைவரிசையையே சில ஹெர்ட்ஸ் நகர்த்தி அனுப்பும். நேராக வரும் ஸ்வரமும் கொஞ்சம் நகர்ந்த ஸ்வரமும் ஒன்றாகச் சேர்ந்தால் துடிப்பு வராமல் என்ன செய்யும்? சுருதி சேர்க்கத் தெரிந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

சுருதிப் பெட்டி காணாமல் போவது இரைச்சல் குறைப்பின் வேலை. பேச்சு என்றால் ஒலி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வந்தால் அது மின்விசிறி, மிக்ஸி, ஏசி என்று மெஷினுக்குப் பாடம். தம்பூரா ஏறாமல் இறங்காமல்தானே வரும்! ஆக நம் சங்கீதத்தின் அஸ்திவாரம் எதுவோ அதைத்தான் மெஷின் குப்பை என்று ஒதுக்குகிறது. இதைத் திட்டமிட்டவர்கள் யாரும் சுருதிப் பெட்டி ஓடும் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தவர்கள் இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் வைடெக்ஸ் மொமென்ட் பற்றி விசாரித்தேன். 2020-ல் வந்தது, இப்போது புதுசு இல்லை, அதே கம்பெனி அதற்கப்புறமும் மாடல்கள் இறக்கிவிட்டது. இதன் விசேஷம் ப்யூர்சவுண்ட் என்ற புரோகிராம், அதில் தாமதம் அரை மில்லிசெகண்டுதான். ஜீரோடிலே என்று விளம்பரம் செய்கிறார்கள், சரியாகப் பூஜ்யம் இல்லை, ஆனால் கணக்குப் போட்டால் முதல் பள்ளமே 1000 ஹெர்ட்ஸ் பக்கம் போய்விடுகிறது, அடுத்தது 3000-ல், இடையில் அகலமான இடைவெளி. 167-க்கு ஒரு பள்ளம் இருந்த இடத்தில் இது. காதுக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்காது.

தெரிந்தது. ஆடியாலஜிஸ்ட் அறையில் முதலில் சாதாரண புரோகிராமில் பேசவிட்டார், “சார், ஒன்னுலேருந்து பத்து வரைக்கும் சொல்லுங்க.” சொன்னேன். அப்புறம் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, “இப்ப திரும்பச் சொல்லுங்க” என்றார். மூன்று வரைதான் சொன்னேன், நிறுத்திவிட்டேன். என் குரல் வாயிலிருந்து வந்தது. மெஷினை அணைத்துவிட்டாரோ என்று சந்தேகம். அவர் எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போய் ஒரு காகிதத்தை மெல்லக் கசக்கினார், அதுவும் கேட்டது, காகிதமாகவே கேட்டது, எந்தப் பக்கம் என்றும் தெரிந்தது. அணைக்கவில்லை என்று அப்போதுதான் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து வீணைக்கு முன்னால் உட்கார்ந்தபோது இன்னொரு விஷயம். ப்யூர்சவுண்டில் நாதம் அடங்குவது முழுதாகக் கேட்கிறது, அதாவது தந்தியைத் தொட்ட உடனே வரும் நகத்தின் சின்னச் சத்தம், அதற்கப்புறம் நாதம், அதற்கப்புறம் நாதம் குறையக் குறையப் பக்கத்துத் தாளத் தந்திகள் தாமாக முனகுவது. அந்த முனகல் போய் எவ்வளவு காலம் ஆயிற்று என்றுகூட எனக்குத் தெரியாது, அது இல்லை என்பதே தெரியாமல் இருந்திருக்கிறேன். நடுக்கம் இல்லை. சுருதிப் பெட்டிக்குத் தனியாக ஒரு மியூசிக் புரோகிராம் கேட்டு வாங்கினேன், அதில் இரைச்சல் குறைப்பை அணைத்து, விசில் அடக்குவதை மென்மையாக வைத்துக்கொடுத்தார். பெட்டி இப்போது ஓடினால் ஓடுகிறது, நின்றால் நிற்கிறது. இது எல்லாக் கம்பெனி மெஷினிலும் செய்யக்கூடியதுதான், கேட்டால்தான் செய்வார்கள். உங்களிடம் ஏற்கெனவே வேறு மெஷின் இருந்தால் புதுசு வாங்குவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். காசு மிச்சமாகலாம்.

இன்னொரு சங்கதி, சத்தம் ஏறும்போது எவ்வளவு வரை மெஷின் உடையாமல் வாங்கும் என்பது. பேச்சு என்பது உரக்கப் பேசினாலும் 85 டெசிபல் பக்கம்தான், பேச்சுக்காகச் செய்த பழைய மெஷின்களுக்கு அதற்கு மேல் கொஞ்சம் இடம் இருந்தால் போதுமானதாக இருந்தது. நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் நின்றால் 100-ஐத் தாண்டிவிடும், மைக்கிலேயே ஒலி நசுங்கிவிட்டால் அப்புறம் உள்ளே எந்த வித்தை செய்தும் திரும்ப வராது. வைடெக்ஸ் இந்த விஷயத்தில் முன்னாலேயே விழித்துக்கொண்ட கம்பெனி, முன்பு விட்ட ட்ரீம் என்ற மாடலிலேயே 113 டெசிபல் வரை வாங்கும்படி செய்தது. சங்கீதக்காரர்கள் நடுவில் இதற்கு ஒரு பெயர் இருப்பதற்கு அதுவும் காரணம். திருவையாறு ஆராதனையில் பந்தலுக்குள் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான குரல்கள், புல்லாங்குழல், மிருதங்கம், ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றாக வரும்போது கேட்டேன். கரகரப்பு இல்லை. பக்கத்தில் ஒருவர் தொடையில் தாளம் தட்டியது தனியாகக் கேட்டது, அவர் தாளம் தப்பாகப் போட்டதும் கேட்டது, அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

சரி, புகழ்ந்தது போதும். இயற்கையான சத்தமும் கூட்டத்தில் பேச்சு புரிவதும் ஒன்றில்லை, பல சமயம் எதிரெதிர். இதை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கிறது, பின்னால் லைட் மியூசிக், எதிரே உட்கார்ந்திருக்கும் சம்பந்தி ஏதோ சொல்கிறார். அங்கே எனக்கு இயற்கை வேண்டாம், சம்பந்தி மட்டும் போதும். ஆனால் ஓட்டையுள்ள டோம் போட்டால் மண்டபத்து இரைச்சல் ஓட்டை வழியாக நேராக உள்ளே வரும், எந்தக் கம்பெனி மெஷினில் இருக்கும், எதிரே வருவதை மட்டும் பிடிக்கும் திசை மைக்கும் அந்த வழியாக வருவதைத் தடுக்க முடியாது. காதை அடைத்தால் இரைச்சல் குறையும், ஆனால் என் குரல் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதாக மாறிவிடும். இரண்டில் ஒன்றுதான், பௌதிகம் அப்படி. மொமென்ட்டில் மண்டபத்துக்கு ப்யூர்சவுண்டை விட்டு யூனிவர்சல் என்ற சாதாரண புரோகிராமுக்கு மாற்றிக்கொள்கிறேன், கொஞ்சம் சமாளிக்கிறது.

இந்தச் சண்டையில் இப்போது முன்னால் நிற்பது ஏஐ வகை மெஷின்கள். 2021-ல் வந்த ஓட்டிகான் மோர் என்ற மெஷின் 1 கோடியே 20 லட்சம் ஒலிக் காட்சிகளில் பயிற்சி கொடுத்த நியூரல் நெட்வொர்க்கோடு வந்தது. 2024-ல் ஃபோனாக் இன்ஃபினியோ ஸ்ஃபியர் பேச்சையும் இரைச்சலையும் பிரிப்பதற்கென்றே தனி சிப் வைத்து வந்தது, அதற்கேற்ப உடம்பும் கொஞ்சம் பெருத்தது, அந்த சிப் வேலை செய்தால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். மொமென்ட் வாங்குவதற்கு முன் இந்த வகையில் ஒன்றைச் சில நாள் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன், எது என்று சொல்லப்போவதில்லை. பேருந்து நிலையத்தில் அசந்துவிட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பின்னால் “திருச்சி திருச்சி” என்று கண்டக்டர் கத்த, எதிரே இருக்கும் நண்பர் பேசுவது ஒரு எழுத்து விடாமல் வந்தது. ஆனால் கண்டக்டர் எங்கேயோ தொலைவில் ஒரு திரைக்குப் பின்னால் இருந்தார். பஸ் நிலையம் பஸ் நிலையமாக இல்லை. சிலருக்கு இது வரப்பிரசாதம், தினமும் நாலு பேரோடு மீட்டிங்கில் உட்காருகிற, இன்னும் வேலைக்குப் போகிற ஆளாக இருந்தால் நானும் யோசிக்காமல் அதையே வாங்கியிருப்பேன். ஓய்வு பெற்றவனுக்கு மீட்டிங் கிடையாது, சாயந்திரம் வீணை இருக்கிறது.

இதற்கு நடுவில் ரீசவுண்ட் ஒரு வேறு வழியில் போனது, 2020-ல் வந்த அவர்களின் ஒன் மாடலில் ஒரு மைக்கைக் காதுத் துளைக்குள்ளேயே வைத்தார்கள். காது மடல் என்பது சும்மா அழகுக்கு இல்லை, ஒலி முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்தா என்று பிரிப்பதில் அதன் மடிப்புகளுக்குப் பங்கு உண்டு. மைக் காதுக்கு மேலே உட்கார்ந்தால் அந்த உதவி போய்விடும், உள்ளே வைத்தால் கிடைக்கும். யோசனை அருமை. ஆனால் மைக்கும் ஸ்பீக்கரும் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் விசில் தொல்லை வரும் என்பதால் அதிகமாகக் காது மந்தமானவர்களுக்கு அது ஒத்துவராது. நான் போட்டுப் பார்க்கவில்லை.

பொருத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் காசு வீணாகிறது. பழைய மெஷினை வாங்கியபோது ஆடியோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு பட்டனைத் தட்டி, காதில் மாட்டி, “கேக்குதா சார்?” என்று கேட்டு, பில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை நடந்தது வேறு. முதலில் மெஷினைக் காதில் வைத்து அதன் வழியாகவே ‘பீப்’ கொடுத்து மறுபடி கேட்கும் திறனை அளந்தார், வைடெக்ஸில் இதற்கு சென்ஸோகிராம் என்று பெயர். அப்புறம் நூல் மாதிரி மெல்லிய ஒரு சிலிகான் குழாயைக் காதுக்குள் விட்டு, அதன் பக்கத்தில் டோமை வைத்து, எதிரே ஸ்பீக்கரில் ஒரு பெண் குரலை ஓடவிட்டார். என்ன பேசுகிறாள் என்றே புரியவில்லை, காதில் கோளாறு இல்லை, அது ஆங்கிலம், அரபி, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் என்று ஆறு மொழிக்காரிகளின் பேச்சைத் துண்டு போட்டு ஒட்டிய சோதனை ஒலி. செவிப்பறைக்கு முன்னால் உண்மையில் எவ்வளவு சத்தம் போய்ச் சேருகிறது என்று திரையில் கோடு வரும். என் வலது காதில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு வேண்டிய இடத்துக்கு ரொம்பக் கீழே இருந்தது. கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறது, காதுக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொருவர் காதுத் துளையும் ஒவ்வொரு அளவு, அதனால் இப்படி ஆகும். அதை ஏற்றிச் சரிசெய்தார், “இப்ப ‘ஸ்’ கேக்குதா பாருங்க” என்று பஸ், சைக்கிள், ஸ்கூல் என்று வரிசையாகச் சொல்லிக்காட்டினார். இந்தச் சோதனைக்கு ரியல் இயர் மெஷர்மென்ட் என்று பெயர். போகும் இடத்தில் இந்தக் கருவி இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள், இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். பொருத்துகிறவருக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள், கண்ணாடிக் கடையில் ஓரமாக மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறவர் எல்லாரும் ஆடியாலஜிஸ்ட் இல்லை.

ஆப் பற்றி இரண்டு வார்த்தை. சவுண்ட்சென்ஸ் லேர்ன் என்று ஒன்று இருக்கிறது, நாம் இருக்கும் இடத்தில் இரண்டு விதமான சத்தத்தைக் கேட்கவைத்து எது பிடிக்கிறது என்று கேட்கும், சொல்லச் சொல்ல அடுத்த ஜோடி வரும், கடைசியில் நமக்கு ஒத்த ஒன்றைச் சேமித்துக்கொள்ளலாம். கண் பரிசோதனையில் இது தெளிவா அது தெளிவா என்று கண்ணாடி மாற்றிப் பார்ப்பார்களே அந்த முறைதான். கூடத்தில் வீணை ஓடும்போது இதைச் செய்து ஒரு புரோகிராம் சேமித்தேன், ஆடியாலஜிஸ்ட் வைத்ததைவிட மேல் ஸ்தாயி கொஞ்சம் மென்மையாக வந்தது, எனக்கு அதுதான் சரி. செல்போன் பாட்டைக் காதுக்குள் நேராக அனுப்பலாம், ஆனால் ஓட்டை டோமில் கீழ் ஒலி எல்லாம் வெளியே ஓடிவிடும், மிருதங்கத்தின் தொப்பி இருக்காது, வலந்தலை மட்டும் டிக்டிக் என்று வரும். பாட்டு கேட்க நான் மெஷினைக் கழற்றாமல் பழைய ஸ்பீக்கரிலேயே போட்டுக்கொள்கிறேன், அதுதான் நன்றாக இருக்கிறது.

சார்ஜ், காலையில் போட்டால் படுக்கும்வரை நிற்கிறது, குறை இல்லை. நம் ஊர் வியர்வைதான் எந்த மெஷினுக்கும் எமன். ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பது தண்ணீருக்கும் தூசிக்கும், உப்பு வியர்வை மைக் வாயில் போய்க் காய்ந்து உட்காருவதற்கு அது உத்தரவாதம் இல்லை. இரவில் சிலிகா ஜெல் டப்பாவில் வையுங்கள், சார்ஜரில் வைப்பதற்கு முன்னால் துடையுங்கள். சத்தம் திடீரென்று குறைந்தால் கடைக்கு ஓடாதீர்கள், பத்தில் எட்டுத் தடவை காதழுக்கைத் தடுக்கும் வேக்ஸ் கார்டு அடைத்திருக்கும், டோமைக் கழற்றினால் நுனியில் வெள்ளையாகத் தெரியும் கடுகளவு சமாச்சாரம், அதை மாற்றினால் சத்தம் திரும்ப வந்துவிடும். வாங்கும்போதே நாலு பாக்கெட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அந்தச் சமயத்தில்தான் இலவசமாகத் தருவார்கள்.

விலை லட்சங்களில், ஒளிக்க ஒன்றுமில்லை. பெட்டியில் போட்டிருக்கும் விலையை வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஊருக்கு ஊர், கடைக்குக் கடை தள்ளுபடி மாறும், புது மாடல் வந்ததும் பழையது இறங்கும், நான் அப்படி இறங்கிய சமயம் பார்த்துத்தான் வாங்கினேன். ஹியரிங் எய்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் ஏதாவது சேர்த்திருந்தால் கேளுங்கள். 440-க்குக் கீழே 330, 220, 110 என்று படிகள் இருக்கின்றன, ப்யூர்சவுண்டுக்காக வாங்குவதாக இருந்தால் நீங்கள் பார்க்கும் படியில் அது இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆப்பிள் ஏர்பாட்ஸ் ப்ரோ 2-ஐ ஹியரிங் எய்டாகப் பயன்படுத்த அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் அனுமதி கொடுத்தார்கள், லேசான, நடுத்தரக் குறைபாட்டுக்கு மட்டும். விலையைப் பார்த்தால் ஆசை வரும். காதை அடைத்துக்கொண்டு உட்காரும் பொருள் அது, சார்ஜும் நாள் முழுக்க நிற்காது, எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் காது மெஷின் என்றாலே கூச்சப்படுகிற ஆளை முதல் அடி எடுத்து வைக்கச் செய்ய அது உதவும்.

கடைசியாக, யார் இதை வாங்க வேண்டாம். கீழ் அலைவரிசையும் சேர்ந்து கெட்டிருந்தால், அல்லது 70, 80 டெசிபல் என்று கோடு இறங்கியிருந்தால் உங்களுக்குக் காதை அடைக்கும் மோல்டுதான் போடுவார்கள். நேராக வரும் ஒலியே இல்லாதபோது தாமதம் அரை மில்லிசெகண்டா ஆறா என்பது பெரிய விஷயமே இல்லை, ப்யூர்சவுண்டு செய்யப்பட்டதும் லேசான, நடுத்தரக் குறைபாட்டுக்குத்தான். அப்படிப்பட்டவர்கள் இந்த விலைக்குப் போகாமல் ஒரு படி கீழே நல்ல பவர் மெஷின் வாங்கிவிட்டு, மிச்சத்தில் ரிமோட் மைக் ஒன்று வாங்கலாம். ஃபோனாக்கில் ரோஜர் என்று வருகிறது, மற்ற கம்பெனிகளிலும் இருக்கிறது. பேசுகிறவர் சட்டையில் அதைக் குத்திவிட்டால் மண்டபமோ பஸ் நிலையமோ, அவர் வாய்க்குப் பக்கத்தில் மைக் இருப்பதால் எந்த ஏஐ-யையும் அது தோற்கடித்துவிடும். சம்பந்தி சட்டையில் எப்படிக் குத்துவது என்பது உங்கள் சாமர்த்தியம்.